கடைசியாக எப்போது பார்த்தோம்? வலசை திரும்பும் பறவைகளைக் குறித்துவைக்க ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை விட்டதும் ஏரிக்கரையில் ஆட்கள் கூடிவிடுவார்கள். தட்டைவாயன் வாத்து வந்துவிட்டதா, ஊசிவால் வாத்து எத்தனை என்று ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள். அதே பறவைகள் பங்குனியில் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது கரையில் யாரும் இருக்கமாட்டார்கள். வெயில் ஏறிவிடும், பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்துவிடும், ஏரியும் வற்றத் தொடங்கிவிடும். பிறகு ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்தால் தண்ணீரில் நாலு முக்குளிப்பான் மட்டும் மிதந்துகொண்டிருக்கும்.

என் முதல் வருடமும் அப்படித்தான் போனது. பறவைகள் வந்த தேதிகளை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பல வருடங்களாகப் பறவை பார்க்கும் ஒரு பெரியவர் அதைப் புரட்டிவிட்டு, "சரி தம்பி, இதெல்லாம் எப்போ போச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் ஏரிக்குப் போவதை எப்போது நிறுத்தினேன் என்பதுதான் அந்த நோட்டில் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு வசந்தகாலம்தான் முக்கியமான காலமாகிவிட்டது. புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவர்களும் இந்தக் கேள்விக்குத் தங்கள் ஊரிலிருந்து பதில் சொல்லலாம். அதற்குப் பெரிய செலவோ பயிற்சியோ தேவையில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

வசந்தம் என்றால் நமக்குப் புறப்பாடு

ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் வசந்தகால வலசை என்றால் பறவைகள் வந்து இறங்கும் காலம். அங்கே மக்கள் முதல் தகைவிலானுக்காகக் காத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் அது வழியனுப்பும் காலம். மாசியில் தொடங்கும் இந்தப் புறப்பாடு சித்திரை பாதியைத் தாண்டியும் நீளும். பொதுவாக வாத்துகள் முன்னால் கிளம்பும், கரைப்பறவைகளிலும் சிறு கதிர்க்குருவிகளிலும் சில ஏப்ரல் கடைசிவரை இருக்கும். வடக்கே உறைந்த ஏரிகளும் நிலமும் இளகும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். சீக்கிரம் போனால் இரை கிடைக்காது, தாமதித்தால் நல்ல கூடமைக்கும் இடம் வேறொன்றுக்குப் போய்விடும். ஆகவே இங்கே நாம் குறிக்கும் கடைசித் தேதியும் அங்கே ஒருவர் குறிக்கும் முதல் தேதியும் ஒரே பயணத்தின் இரண்டு முனைகள். தட்பவெப்பம் மாறினால் இந்தத் தேதிகள் நகர்கின்றனவா என்று பார்க்க இரண்டு முனையிலும் பதிவு வேண்டும்.

இந்தியாவில் 2007-இல் தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் திட்டம் இதைத்தான் பொதுமக்களிடம் கேட்டது: வலசைப் பறவையை இந்தப் பருவத்தில் முதலில் எப்போது பார்த்தீர்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இன்று அந்தப் பதிவுகளுக்கான இடம், பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இணையதளமான இ-பேர்ட். கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் ஓர் இடம்

பள்ளிக்கரணை, பழவேற்காடு, கோடியக்கரை, கூந்தன்குளம் எல்லாம் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் இந்த வேலைக்கு அவை வேண்டாம், நீங்கள் அவற்றின் பக்கத்தில் குடியிருந்தால் ஒழிய. வீட்டிலிருந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் போகக்கூடிய இடமாகப் பாருங்கள். ஊர் ஏரி, கோயில் குளம், வாய்க்கால் ஓரம், தரிசாகக் கிடக்கும் வயல், மாடித் தோட்டம் கூடப் போதும். வாரத்துக்கு இரண்டு முறை தவறாமல் போக முடியுமா என்பதுதான் கணக்கு.

பொங்கல் விடுமுறையில் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எழுதச் சொல்வார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் அதே இடத்தை, அதே பதினைந்து நிமிடத்தை ஜனவரியோடு விட்டுவிடாமல் சித்திரைவரை கொண்டுபோனால் போதும், பாதி வேலை முடிந்தது.

ஏரி என்றால் எங்கே நிற்கிறோம் என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். இன்னொன்று: பங்குனி, சித்திரையில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல பைனாகுலரில் பார்த்தாலும் உள்ளான்கள், அதாவது சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகள், நெளியும். ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்புங்கள். 8x42 என்று எழுதியிருக்கும் பைனாகுலர் தொடங்குபவர்களுக்குச் சரியானது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், கையில் ஆடாது, விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் உதவும். தொப்பி, தண்ணீர், ஒரு நோட்டு.

யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். வேடந்தாங்கலில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரைகளையும் மஞ்சள்மூக்கு நாரைகளையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, சைபீரியாவிலிருந்து வந்தவை என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. அவை நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரையும் இரையையும் தேடி இந்தியாவுக்குள்ளேயே இடம் மாறுகின்றன. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பறவைகள் பொதுவாக இங்கே கூடு கட்டுவதில்லை. அவற்றின் கூடும் குஞ்சும் அங்கே, சாப்பாடு மட்டும் இங்கே. ஒரு பறவை உங்கள் ஏரியில் கூடு கட்டுவதைப் பார்த்தால் அதைக் கடைசித் தேதிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

முதல் வருடத்துக்கு ஐந்து இனங்கள் போதும். எல்லாவற்றையும் அடையாளம் காண வேண்டும் என்று நினைத்தால் உள்ளான்களிலேயே மனம் சோர்ந்துவிடும். நான் புதியவர்களுக்குச் சொல்லும் ஐந்து இவை.

தகைவிலான். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நெற்றியும் தொண்டையும் செங்காவி, அதன் கீழே கரிய பட்டை, வால் பிளந்திருக்கும். செம்பிட்டத் தகைவிலான் இங்கேயே இருக்கும் பறவை. பறக்கும்போது இடுப்பில் செந்நிறம் தெரிந்தால் அது இவர்.

நீலவால் பஞ்சுருட்டான். நம்மூர்ப் பச்சைப் பஞ்சுருட்டானைவிடப் பெரியது. ஏரிக்கு மேலே கூட்டமாகச் சுற்றும்.

பழுப்புக் கீச்சான். முகத்தில் கறுப்புப் பட்டையோடு வேலியின் உச்சியில் உட்கார்ந்து கரகரவென்று கத்தும். இதைப் பின்தொடர்வது ஒரு தனி மகிழ்ச்சி. குளிர்காலம் முழுக்க ஒரே வேலியைத் தன் இடமாக வைத்துக்கொண்டு மற்ற கீச்சான்களை விரட்டும். அந்த வேலியை மட்டும் தினமும் போகிற வழியில் பார்த்தாலே உங்களுக்கு ஒரு கடைசித் தேதி கிடைத்துவிடும்.

நீலச்சிறகு வாத்து. ஆணுக்குக் கண்ணுக்கு மேலே பின்கழுத்துவரை வெள்ளைப் பிறை ஓடும். நம் ஊரிலேயே இருக்கும் புள்ளிமூக்கு வாத்துக்கு அலகு நுனியில் மஞ்சள். இரண்டையும் முதல் வாரத்திலேயே பிரித்துப் பழகிவிடலாம்.

சூறைக்குருவி. ரோசா மைனா, சோளக்குருவி என்றெல்லாம் ஊருக்கு ஊர் பெயர். மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குத் திரும்ப வேண்டிய பறவை. தென் மாவட்டங்களில் மாலை நேரத்தில் இவை அடைய வரும்போது வானமே புகை போல அலையும். கிளம்பும் காலத்தில் கூட்டம் ஒரு வாரத்திலேயே கரைந்துபோவதைப் பார்க்கலாம்.

மலைப்பக்கம் இருப்பவர்கள் வாத்துக்குப் பதிலாக ஓடையோரக் கரும்சாம்பல் வாலாட்டியை எடுத்துக்கொள்ளலாம். வால் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும், தவறவே விடமாட்டீர்கள்.

கிளம்புவதற்கு முன் உடை மாறும்

இந்தப் பருவத்தை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம் இது. மார்கழியில் நீங்கள் பார்த்த சாம்பல், பழுப்புப் பறவைகள் மாசி முதல் கொஞ்சம் கொஞ்சமாக இனப்பெருக்கக் கால நிறத்துக்கு மாறும். களக் கையேட்டில் ஒரே இனத்துக்கு ஏன் இரண்டு படம் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

வளைமூக்கு உள்ளான் குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரியும், ஏப்ரலில் முகமும் வயிறும் செங்கல் நிறம் ஏறிவிடும். அது போகவேண்டிய இடம் சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளி. பொன்னிற உப்புக்கொத்தியின் வயிறு முதலில் அழுக்குப் படிந்தது போலத் திட்டுத்திட்டாகக் கறுக்கும், பிறகு முகத்திலிருந்து வயிறுவரை முழுக் கறுப்பாகி ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடும். கருவால் மூக்கனின் கழுத்தில் துருநிறம். மீசை ஆலாவுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி, வயிற்றில் கரும்சாம்பல், நடுவே கன்னத்தில் வெள்ளைப் பட்டை. அந்த மீசையைக் குளிர்காலத்தில் தேடினால் கிடைக்காது. பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கும் அந்தப் பழுப்புத்தலை இப்போதுதான் வரும். லடாக், திபெத் ஏரிகளுக்கு அது அந்த முகத்தோடுதான் போகும். தகைவிலானின் வாலில் இரண்டு ஓரச் சிறகுகளும் கம்பி போல நீண்டுவிடும்.

அதனால் நோட்டில் எண்ணிக்கையோடு ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள்: சாம்பல், பாதி மாறியது, முழுக்க மாறியது. பத்தில் எத்தனை மாறியிருக்கின்றன என்று எழுதினால் இன்னும் நல்லது. நிறம் முழுக்க மாறிய கூட்டம் எந்நேரமும் கிளம்பலாம்.

குரலும் மாறும். குளிர்காலம் முழுக்க வேலிக்குள்ளிருந்து "சக், சக்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பிளித் நாணல் கதிர்க்குருவி, போவதற்கு முன் மெல்லப் பாட ஆரம்பிக்கும். கரைப்பறவைகள் கிளம்புவதைப் பார்க்க ஆசை இருந்தால் மாலை போங்கள். பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில் ஒரு சிறு கூட்டம் கத்திக்கொண்டே எழும், சுற்றிச் சுற்றி உயரும், இறங்காது. வரிசை கட்டி வடக்கே போய்ப் புள்ளியாகிவிடும். நான் அதை எத்தனையோ மாலைகள் காத்திருந்து சில தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதக் கை வராமல் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன்.

இந்த வாரங்களில் அவை மும்முரமாகத் தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்கும் வேலையில் இருக்கும். அந்தக் கொழுப்புத்தான் பயணத்துக்கான எரிபொருள். படத்துக்காகச் சேற்றில் இறங்கி நெருங்காதீர்கள். கூட்டம் எழுந்தால் அது சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது. ஏரிக்குள் நாய்களை அழைத்துவருபவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பலரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

எண்ணுவதும் எழுதுவதும்

பெரிய கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பத்துப் பறவையை எண்ணி, அது பைனாகுலருக்குள் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அளவை அப்படியே நகர்த்தி எத்தனை பத்து என்று எண்ணுங்கள். ஐம்பதுக்கு மேல் போனால் இரண்டு முறை எண்ணி எழுதுங்கள். தோராயமான எண் எழுதுவது, எண்ணே எழுதாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல். ஒரு பறவையின் பெயர் உறுதியாகத் தெரியவில்லையா, "உள்ளான் வகை, 6" என்று எழுதிவிட்டுப் போங்கள். ஊகித்துப் பெயர் வைக்க வேண்டாம்.

இ-பேர்ட் செயலி இலவசம். இ-பேர்ட் தளத்தைக் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் 2002-இல் தொடங்கின. ஏரிக்கரையில் இணையம் வராவிட்டாலும் செயலி வேலை செய்யும், வீட்டிலேயே இந்தியாவுக்கான தொகுப்பை இறக்கிவைத்துக்கொண்டால் போதும். கரையில் நின்றதும் தொடங்குங்கள், முடிந்ததும் நிறுத்துங்கள். நேரத்தையும் நடந்த தூரத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதும்போது வரைபடத்தில் இடத்தைத் தவறுதலாக வீட்டின் மேலேயே குத்திவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. அதை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

கடைசியில் அது ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் பார்த்த, கேட்ட, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதியிருக்கிறீர்களா? இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். காகம், மைனா, புறா உட்பட அத்தனையும் எழுதி "ஆம்" என்று சொன்னால்தான், உங்கள் பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே உங்கள் கண்ணில் படவில்லை என்று பொருள் வரும். சிறப்பான பறவைகளை மட்டும் எழுதினால் விடுபட்டவை பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஏரி வெறிச்சோடிக் கிடக்கும் நாளில் காகமும் கொக்கும் மட்டுமே உள்ள பட்டியலை அனுப்ப மனம் வராது. அந்தப் பட்டியல்தான் கடைசித் தேதியை உறுதி செய்கிறது.

ஓர் உதாரணம். ஒருவர் மார்ச் 8 அன்று ஏரியில் 300 நீலச்சிறகு வாத்துகளைப் பார்க்கிறார், அடுத்து ஏப்ரல் 30 போகிறார், ஒன்றும் இல்லை. இடையில் 53 நாள். வாத்துகள் எப்போது போயின என்று அவரால் சொல்ல முடியாது. இன்னொருவர் வாரம் இருமுறை போகிறார். மார்ச் 29 அன்று 42, ஏப்ரல் 2 அன்று 11, 5-ஆம் தேதி 2, 9-ஆம் தேதி இல்லை, 12 இல்லை, 16 இல்லை. கடைசித் தேதி ஏப்ரல் 5. கடைசி இரண்டும் 5-க்கும் 9-க்கும் நடுவே கிளம்பியிருக்கின்றன. இவரிடம் கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மெர்லின் செயலி குரலையும் படத்தையும் வைத்துப் பெயர் சொல்லும். கற்றுக்கொள்ள அருமையான துணை. ஆனால் அது சொன்ன பெயரை அப்படியே பட்டியலில் போடாதீர்கள். சொன்னது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

தண்ணீரையும் எழுதுங்கள்

வாத்து போனது வலசைக்காகவா, ஏரி வற்றியதாலா? நம் ஊர்களில் இரண்டும் ஒரே மாதத்தில் நடக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் மதகுப் பக்கம் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மதகில் தண்ணீர் எந்தக் கல்வரை நிற்கிறது என்று தெரிந்தால் போதும். தண்ணீர் இருக்கும்போதே வாத்து போய்விட்டது என்றால் அது ஒரு செய்தி. வற்றிய பிறகு போனது என்றால் பக்கத்து ஏரியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கிச் சேறு வெளிப்படும் அந்த இரண்டு, மூன்று வாரங்கள்தான் உள்ளான்களுக்கு விருந்து. எண்ணிக்கை திடீரென்று கூடினால் வடக்கே போகும் வழியில் வேறு ஊர்க் கூட்டம் இறங்கியிருக்கலாம்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் வயதுக் கரைப்பறவைகள் சில வடக்கே போகாமல் கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடும், சாம்பல் உடையிலேயே. ஜூனில் ஒரு கோட்டானை (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) பார்த்துவிட்டு அதைக் கடைசித் தேதி என்று எழுதிவிடாதீர்கள். "தங்கிவிட்டது" என்று தனியாகக் குறியுங்கள்.

உள்ளானின் காலில் நிறப்பட்டை தெரிந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து ஏதும் உண்டா என்று எழுதி, மங்கலாக இருந்தாலும் ஒரு படம் எடுங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டுவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதை அனுப்பலாம்.

மற்றவர்களுக்குச் சொல்லும்போது

"இன்று ஏரியில் செம பறவைகள்!" என்று அனுப்பினால் மகிழ்ச்சி மட்டும் பரவும், தகவல் பரவாது. இப்படி எழுதிப் பழகுங்கள்: "ஏப்ரல் 5, காலை 6.20 முதல் 6.50 வரை, பெரிய ஏரி கிழக்குக் கரை. நீலச்சிறகு வாத்து 2, இரண்டும் ஆண். தகைவிலான் 14. பழுப்புக் கீச்சான் வழக்கமான வேலியில் இல்லை, இரண்டாவது முறையாக. தண்ணீர் மதகின் மூன்றாம் கல்." படிக்கும் இன்னொருவர் தன் ஏரியில் என்ன பார்க்க வேண்டும் என்று உடனே தெரிந்துகொள்வார். இல்லாததைச் சொல்லத் தயங்கவே வேண்டாம்.

சொல்லக் கூடாததும் உண்டு. கூடு இருக்கும் இடம், ஆந்தை அடையும் மரம், வேட்டைக்கு ஆளாகும் பறவைகள் அடையும் இடம். இவற்றைப் பொதுவில் போட்டால் மறுநாளே கேமராக் கூட்டம் வந்துவிடும், அல்லது கண்ணி வைப்பவர் வந்துவிடுவார். ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள், அல்லது பருவம் முடிந்தபின் சொல்லுங்கள்.

யாராவது உங்கள் பதிவைக் கேள்வி கேட்டால் வருத்தப்படாதீர்கள். இ-பேர்டில் வழக்கத்துக்கு மாறான தேதியிலோ எண்ணிலோ ஒரு பறவையை எழுதினால் அந்தப் பகுதியின் சரிபார்ப்பாளர் விவரம் கேட்டு எழுதுவார். மே மாதத்தில் தகைவிலான் எழுதினால் கேட்பது இயல்பு. என்ன பார்த்தீர்கள், எவ்வளவு தூரம், எந்த அடையாளத்தால் உறுதி செய்தீர்கள் என்று நாலு வரி எழுதினால் போதும். அதனால்தான் அப்போதே நோட்டில் எழுதச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் ஒரு பறவை விழுந்தால்

ஆறுமணிக் குருவி குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழித்துவிட்டு, மழைக்கு முன் மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் திரும்பும். இரவில் பறக்கும் பறவை. களைத்துப்போய்க் கண்ணாடியில் மோதி, பால்கனியிலோ கிணற்றடியிலோ ஒன்பது நிறத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் பதறிப்போய் அழைப்பார்கள். பதறாமல் செய்ய வேண்டியது: காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, மெதுவாக அதில் விட்டு மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவோ சோறு ஊட்டவோ வேண்டாம். பூனை, நாய், பிள்ளைகள் கூட்டம் எதுவும் அருகில் வரக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் தாவினால் பக்கத்தில் புதர் இருக்கும் இடத்தில் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினாலோ இரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். தேதியை எழுத மறக்காதீர்கள், அதுவும் வலசைப் பதிவுதான்.

எப்போது நிறுத்துவது

ஓர் இனத்தைத் தொடர்ந்து மூன்று முறை பார்க்கவில்லை என்றால் அதன் எதிரே கடைசித் தேதியை எழுதி வட்டமிடுங்கள். ஐந்து இனத்துக்கும் வட்டம் விழும்போது பெரும்பாலும் சித்திரை பாதி கடந்திருக்கும். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் போதும், ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். ஆடி பிறந்த பிறகு திரும்ப வாரம் இருமுறை போகத் தொடங்குங்கள். ஆடிக் கடைசியில், ஏரி காய்ந்து கிடந்தாலும், மதகடியில் தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் ஒரு பொறி உள்ளான் தனியாக நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கும்.